நோயாளர் உறங்க: காதடைப்பானா, முதுகு வருடலா?

இரவில் நோயாளர் விடுதியின் சராசரி ஒலி 30 டெசிபெலைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி. யாழ்ப்பாணத்துப் பொது விடுதியிலோ தள்ளுவண்டிச் சில்லின் கிறீச்சொலியே அதை மீறிவிடும். காதடைப்பானும் கண்மறைப்பும் செலவு குறைந்தவை, தாதியரின் நேரத்தையும் வாங்காதவை. எனினும் கேட்கவும் பார்க்கவும் முடியாத நிலை சிலருக்கு, குறிப்பாகக் குழப்பமுற்ற முதியோருக்கு, அச்சத்தைக் கூட்டும்.

முதுகு வருடலுக்குச் சில நிமிடங்களாவது ஒதுக்கவேண்டும். சிவந்த தோலிலும் புண்ணிலும் கைவைக்கக்கூடாது. ஆயினும், "ஐயா, எங்க நோகுது?" என்று கேட்டபடி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, இடுப்பிலிருந்து தோள்வரை தாதி மெல்ல வருடும்போது, இறுகிய தோள்கள் தளர்வதைக் கண்ணாலேயே காணலாம். பதற்றத்தால் விழித்திருப்பவருக்கு, அவர் சம்மதித்தால், வருடலையே முதலில் தேர்வேன். இரைச்சலால் மட்டும் விழிப்பவருக்கு அடைப்பான் போதும்.