பாரிமுனையில் நான் ஒரு செல்லாக்காசு

பர்ஸில் 500 ரூபாய்த் தாள்கள் கட்டாக இருந்தன. கையில் பாதி தின்ற அத்தோத் தட்டு; பர்மாவிலிருந்து வந்த, கையால் பிசைந்து தரும் நூடுல்ஸ்தான் அத்தோ. கடைக்காரர் என் நோட்டைத் தொடக்கூட இல்லை. "சில்லறையா குடுங்க சார், இல்லன்னா ஸ்கேன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பிசையப் போய்விட்டார். 70 ரூபாய்க் கணக்கு அது. இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். வேண்டும்.

கனடாவிலிருந்து சென்னைக்குப் போன ஊர்ப் பயணத்தில் மற்றதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது. இமிக்ரேஷன், பெட்டி, மெட்ரோ, கல்யாண வீடு, எதிலும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சாயங்காலம் பழைய ரூட்டில் போகலாம் என்று முடிவு செய்தோம். உங்களுக்குத் தெரிந்த ரூட்தான்: செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ, அங்கிருந்து மண்ணடி வழியாக சௌகார்பேட்டை, தங்கசாலைத் தெருவில் வடநாட்டுச் சாட் வகைகள், கடைசியில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நெய் ஊத்தப்பம். அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் கால்குலேட்டரோ சிடியோ வாங்கப் போய், பேரம் பேசி மிச்சம் பிடித்த காசில் அத்தோ தின்று, பஸ்ஸுக்கு மட்டும் எண்ணி வைத்துக்கொண்டு திரும்புவோம். இப்போது எல்லோருக்கும் காசு இருக்கிறது. எனக்கு அதைக் கொடுக்கத்தான் வழியில்லை.

அத்தோவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குவித்து வைத்த மஞ்சள் நூடுல்ஸில் ஒரு கைப்பிடி, அதன் மேல் சீவிய முட்டைகோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம். பேஜோ என்ற மொறுமொறு வடை ஒன்றைக் கையாலேயே நொறுக்கிப் போட்டு, புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், காய்ந்த மிளகாய்த் தூள், உப்பு, எலுமிச்சை. எல்லாம் கண்ணளவு. அகலக் கிண்ணத்தில் விரல்களை உள்ளே விட்டு மேலும் கீழுமாகப் புரட்டினார். நூடுல்ஸ் ஒன்றுகூட அறுபடவில்லை. பக்கத்தில் வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, மேலே புளித்தண்ணீர் விட்டுத் தருவதும் அப்படியே இருக்கிறது. கையுறை போட்டிருந்தாரா என்று கேட்காதீர்கள். கனடாவில் சாண்ட்விச் கடையில் கையுறை போட்ட அதே கையால் கல்லாவையும் தொடுவதைத் தினமும் பார்க்கிறேன். எனக்கு இவர் கையே போதும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இன்றைக்கு எல்லாம் என் செலவு என்று. கனடாவிலிருந்து வந்தவன் வேறு எப்படிச் சொல்வான்? நண்பர்கள் சிரித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு 500 ரூபாய்த் தாளை நீட்டலாமென்றால், அவர்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி, ஆளுக்கு ஆள் ஸ்கேன் செய்துவிட்டார்கள். தள்ளுவண்டியின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சிறிய பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் "எழுபது ரூபாய் பெறப்பட்டது" என்று செந்தமிழில் அறிவித்தது. மறுபடி எழுபது ரூபாய். மறுபடியும். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் யார் காசு கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தெரிந்துபோனது. நான் மட்டும் நோட்டைப் பிடித்தபடி நின்றேன்.

"அண்ணா, 500 தான் இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்றேன். கடைக்காரர் கல்லாப் பெட்டியை இழுத்துக் காட்டினார். ரப்பர் பேண்டு, ஒரு பூட்டு, கொஞ்சம் ஐந்து ரூபாய் நாணயம், சாமி படம். "காசே வர்றதில்ல சார், நான் எங்க போவேன் சில்லறைக்கு?" அவர் கேட்டதிலும் தப்பில்லை. முன்பும் சில்லறை இருந்ததில்லைதான். ஆனால் அப்போது மீதிக்கு மிட்டாயாவது கொடுப்பார்கள், இல்லை அட்டையில் எழுதிக் கொடுத்து அடுத்த முறை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். 430 ரூபாய்க்கு மிட்டாய் தரச் சொல்லி எப்படிக் கேட்பது?

கடைசியில் நண்பர்களில் வண்ணாரப்பேட்டைக்காரன் எனக்கும் சேர்த்துப் போட்டான். அந்தப் பெண் குரல் அதையும் ஊருக்குச் சொன்னது.

எனக்கும் ஸ்கேன் செய்யும் வசதி இல்லாமலில்லை. இந்தியாவில் என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) இருக்கிறது, அதோடு சேர்த்து ஓர் இந்திய நம்பரும் வைத்திருந்தேன். ரீசார்ஜ் செய்யாமல் சும்மா கிடந்தால் 90 நாளுக்குப் பிறகு நம்பரை எடுத்துவிடலாம் என்பது விதி. எடுத்துவிட்டார்கள். சந்தேகத்துக்கு ஒரு நாள் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ஒருவர் எடுத்து, பின்னால் லேத் ஓடும் சத்தத்தோடு, "யாரு வேணும்?" என்றார். எனக்கு நான்தான் வேண்டும் என்று சொல்ல முடியாமல் வைத்துவிட்டேன். என் வங்கியின் ஓடிபி எல்லாம் இப்போது அவருக்குப் போகிறதோ என்னவோ. வங்கியில் நம்பரை மாற்ற வேண்டுமென்றால் கணக்கு தொடங்கிய கிளைக்கே நேரில் வரச் சொல்கிறார்கள். கணக்கு தொடங்கிய கிளை திருச்சியில்.

கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் நம்பரையே என்.ஆர்.இ. கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023லேயே அனுமதி வந்துவிட்டது என்றான் வங்கியில் வேலை பார்க்கும் நண்பன். நல்ல செய்தி. ஆனால் அந்தக் கனடா நம்பர் முதலில் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு? திருச்சிக் கிளைக்கு நேரில்.

இந்த அத்தோக் கடைகளின் பூர்வீகம் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ரங்கூனில் தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழர்கள் சம்பாதித்ததை அங்கேயே போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். சென்னையில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் 1969இல் பர்மா பஜார் வந்தது. அந்தக் கப்பல்களில் சோதனை போட்டும் பிடுங்க முடியாத சரக்கு அத்தோவும், மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும்தான்.

"அப்படிப்பட்ட குடும்பத்துல வந்தவருக்கு நோட்டு மேல நம்பிக்கை எப்படிடா வரும்?" என்றான் வங்கிக்காரன். 2016 நவம்பரில் நம் ஊரிலேயே ஒரு ராத்திரியில் 500ம் 1000ம் போனதை நினைத்தால் அவன் சொன்னது சரிதான். என் டொராண்டோ வீட்டு மேஜை டிராயரில் அந்தப் பழைய 500கள் சில இன்னும் கிடக்கின்றன. ஆனால் கையிலிருந்த நோட்டு புதியது, செல்லுபடியாவது, செங்கோட்டை படம் போட்டது. அதை வைத்துக்கொண்டு எச்சில் கையோடு நடுத்தெருவில் நின்ற எனக்கு வரலாறு கேட்கும் பொறுமை இல்லை.

டொராண்டோவிலும் எல்லோரும் கார்டைத்தான் தட்டுகிறார்கள். ஒரு சென்ட் நாணயத்தையே 2013இல் ஒழித்துவிட்டு, ரொக்கம் கொடுத்தால் ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கார்பரோவில் கொத்து ரொட்டியோ ரோல்ஸோ வாங்கப் போனால் 'ரொக்கம் மட்டும்' என்று காகிதம் ஒட்டிய கடைகள் இன்றைக்கும் உண்டு. பணக்கார நாட்டில் காசைக் கையில் வாங்குகிறார்கள், பாரிமுனைத் தள்ளுவண்டியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நம்மூர்ப் பெட்டி மேல்: கனடா மெஷின் போல, ஒரு காபியை எடுத்துக் கொடுத்ததற்கு 18 சதவீதமா 20 சதவீதமா டிப்ஸ் என்று முகத்துக்கு நேரே கேட்பதில்லை. எழுபது என்றால் எழுபது.

சரி, சில்லறை மாற்றிவிடலாம் என்று கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் ஒரு டீக்கடையில் நுழைந்தோம். எல்லோருக்கும் டீ சொல்லி, இரண்டு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி, 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். டீ மாஸ்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். என் முகத்தில் வந்த வெற்றிச் சிரிப்பை நண்பன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அப்புறம் மாஸ்டர் குனிந்து, அடியிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். மீதி முழுவதும் பத்து ரூபாய் நாணயம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: பத்து ரூபாய் நாணயம் இந்தியாவில் செல்லும், தமிழ்நாட்டில் பலர் வாங்க மாட்டார்கள். யார் கிளப்பிவிட்ட வதந்தியோ, ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. 14 விதமான வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. மாஸ்டரிடம் நோட்டாகக் கேட்டேன். "இதான் சார் இருக்கு, வேணான்னா ஜிபே பண்ணிடுங்க" என்றார்.

இரண்டு பாக்கெட்டும் கனத்துத் தொங்க, பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே தங்கசாலைத் தெரு வரை நடந்தேன். கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட் இருந்த காலத்தில் இந்தப் பக்கம் வாழைத்தார் வண்டிக்கு வழிவிட்டே பாதி நேரம் போகும். 1996இல் மார்க்கெட்டைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் தெரு காலியாகிவிடவில்லை, அந்த இடத்தை இப்போது பைக் எடுத்துக்கொண்டிருக்கிறது.

முறுக்கு சாண்ட்விச் கடையில் எனக்குப் பெரிய நம்பிக்கை. தட்டையான முறுக்கில் பச்சைச் சட்னி தடவி, வெள்ளரியும் தக்காளியும் அடுக்கி, மேலே இன்னொரு முறுக்கை வைத்து அழுத்தித் தருவது. வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜெயின் முறையிலும் கிடைக்கும். மார்வாடித் தெருவும் தமிழ் முறுக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. இதைச் செய்ய ஸ்கார்பரோவில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆதங்கம். தின்று முடித்து, ஆறேழு நாணயங்களை எண்ணி வைத்தேன். பையன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இது செல்லாது ஜி."

"ரிசர்வ் வங்கி செல்லும்னு சொல்லியிருக்குப்பா" என்று எங்கள் வங்கிக்காரன் பதவி தோரணையோடு முன்னால் வந்தான். "ரிசர்வ் வங்கி இங்க வந்து சாண்ட்விச் சாப்பிடுமா சார்?" என்றான் பையன். வங்கிக்காரன் பேசாமல் போனை எடுத்து ஸ்கேன் செய்தான்.

அதற்குப் பிறகு நான் பர்ஸைத் தொடவே இல்லை. காக்கடா ராம்பிரசாத்தில் சூடான ஜிலேபியும் பாதாம் பாலும் ஒருவன் கணக்கு. சீனா பாய் கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, நெய்யில் மிதந்த ஊத்தப்பத்தையும் பொடி இட்லியையும் தின்றது இன்னொருவன் கணக்கு. ஊத்தப்பம் அதே ஊத்தப்பம். ஓரம் முறுகல், நடுவில் பஞ்சு, விரலில் நெய். எனக்கு மட்டும் கல்லூரிக் காலத்தில் நண்பன் காசில் சாப்பிடும்போது வரும் அந்தக் கூச்சம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. டாலரில் சம்பளம் வாங்கி என்ன பயன்?

அடுத்து ஊருக்குப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். இந்திய நம்பரை இங்கிருந்தே மறக்காமல் ரீசார்ஜ் செய்யுங்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஆள் யாராவது தெரிந்திருந்தால் 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு சொல்லி வையுங்கள். ஏடிஎம்மை நம்பாதீர்கள், நான் போன இடத்திலெல்லாம் 500 மட்டுமே துப்பியது. பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். என்னுடையதை மாநகரப் பேருந்தில் ஒரு கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் வாங்கிக்கொண்டார். மீதி உறவுக்காரப் பிள்ளைகளுக்கு. அவர்களும் பெரிதாக மகிழவில்லை.

டொராண்டோ திரும்பிய மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் வண்ணாரப்பேட்டைக்காரன் மொத்தச் செலவைப் பங்கு பிரித்துப் போட்டிருந்தான். என் பங்குக்கு நேரே 'கனடா பார்ட்டி, பாக்கி' என்று சிவப்புப் புள்ளி. உடனே அனுப்பிவிடலாம் என்று பணம் அனுப்பும் செயலியைத் திறந்தேன். முகவரி, பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, இந்தத் தொகையை எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டது. குடும்பச் செலவு, கல்வி, மருத்துவம், சொத்து வாங்க என்று பட்டியல். அத்தோ இல்லை. குடும்பச் செலவு என்று போட்டு அனுப்பினேன், கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள். இன்னும் போய்ச் சேரவில்லை என்கிறான்.