ஏஜென்ட்டுக்கு எது உதவும்: நீண்ட ரீட்மீயா, ஸ்கீமா விளக்கமா?

பெங்களூரு மெட்ரோ வரைபடத்தில் வழி தேடும் கருவி ஒன்றை ஏஐ ஏஜென்ட்டிடம் (கருவிகளைத் தானே இயக்கி வேலை முடிக்கும் ஏஐ) கொடுக்க வேண்டும். டீமில் உள்ள தமிழர்களுக்குள் இரண்டு கட்சி: எல்லாவற்றையும் ரீட்மீயில் (கருவியோடு வரும் விளக்கக் கோப்பு) எழுதலாம் என்பவர்கள், கருவியின் ஸ்கீமாவிலேயே (கருவிக்கு என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை) விளக்கத்தை வைக்கலாம் என்பவர்கள்.

ரீட்மீ மனிதர்களுக்குச் சரி. சாவகாசமாகப் படிக்கலாம். ஏஜென்ட்டுக்காக முழுவதையும் ஏற்றினால் டோக்கன்தான் (மாடல் படிக்கும் உரைத்துண்டுகளின் கணக்கு) கரையும்.

ஸ்கீமா விளக்கமோ, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே மாடலின் கண்முன் இருக்கும். எம்சிபியில் (ஏஐ மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா எல்லாம் கருவிப் பட்டியலோடு சேர்ந்தே வரும். அங்கே எழுத வேண்டியது நிறைய. பிஎஃப்எஸ் (தொடங்கிய இடத்திலிருந்து படிப்படியாக விரியும் தேடல் முறை) தருவது குறைந்த நிலையங்கள் உள்ள பாதை, குறைந்த நேரப் பாதை அல்ல. நேரம் முக்கியமென்றால், நிலையங்களுக்கு இடையிலான பயண நேரத்தை எடையாகக் கொடுத்து, மொத்த எடை குறைந்த பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா முறை; எடை எதிர்மறையாக இருக்கக் கூடாது. அப்புறம், 'பாதை இல்லை' வேறு, 'ஆழ வரம்பு தீர்ந்தது' (இத்தனை நிலையங்களுக்கு மேல் தேடாதே என்ற எல்லை வந்துவிட்டது) வேறு. இதைச் சொல்லாவிட்டால், ஒயிட்ஃபீல்டிலிருந்து ஜெயநகருக்கு மெட்ரோவே இல்லை என்று ஏஜென்ட் அடித்துச் சொல்லும். மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால் போதும் என்பது ஊருக்கே தெரியும்!

என் ஓட்டு ஸ்கீமாவுக்கு. கூடவே ஒரு மாதிரி அழைப்பையும் அதன் விடையையும் சேர்த்துவிடுங்கள். ரீட்மீ, கருவியின் நிரலைத் திருத்துபவர்களுக்கு இருக்கட்டும்.