ஒரு ரூபாய் ட்ரையல் என்று நம்பி 1,499 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று காலை பால் வாங்கக் கடையில் நிற்கும்போது மெசேஜ் வந்தது. கணக்கிலிருந்து 1,499 ரூபாய் போயிருந்தது. எடுத்தது ஒரு படம் பார்க்கும் ஆப். பெயர் வேண்டாம். பழைய ஆங்கிலக் காதல் படங்களை அள்ளிப்போட்டு, 'ஒரு ரூபாய்க்கு மூன்று நாள்' என்று கூவும் ரகம்.

ஹாலிவுட் நடிகை ஏமி ஆடம்ஸ் என்றால் எனக்கும் தங்கைக்கும் உயிர். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைத்துவிட்டு ஒருமுறைகூடக் கொடுக்கவில்லையே என்று இன்னும் புலம்புவோம். 2010-இல் வந்த 'லீப் இயர்' மட்டும் பார்க்காமல் விட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆப்பின் முகப்பில் அவர் முகம். "ஒரு ரூபாய்தானேண்ணா, போடு" என்றாள் தங்கை. திரையில் 1 என்ற எண் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அதன் அடியில் எறும்பு எழுத்தில் ஆட்டோபே, 1,499. அதாவது ட்ரையல் முடிந்ததும் பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ள அனுமதி. என் கண் கீழே போகவே இல்லை. யுபிஐ பின்னைப் போட்டுவிட்டேன்.

படமாவது தேறியதா? பிப்ரவரி 29 அன்று பெண்ணே ஆணிடம் கல்யாணம் கேட்கலாம் என்ற அயர்லாந்து வழக்கத்தை நம்பி, காதலனைத் தேடி டப்ளினுக்குக் கிளம்பும் பாஸ்டன் பெண். விமானம் அயர்லாந்துக்குக் கிழக்கே இருக்கிற வேல்ஸில் இறங்கிவிட, படகேறியவர் டிங்கிளில் கரை ஒதுங்குகிறார். டிங்கிள் இருப்பது அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸுக்கு நேர் எதிர்ப்பக்கம்! அப்புறம் ஒரு சிடுமூஞ்சி விடுதிக்காரன், நடுரோட்டில் மாடுகள். கார் கிளம்பும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆனாலும் போனுக்குச் சார்ஜ் போடப் போய்க் ஊர்க் கரண்டையே காலி செய்துவிட்டு ஏமி முழிக்கிற முழி இருக்கிறதே, அந்த முகத்துக்காகத்தான் கடைசிவரை உட்கார்ந்தோம். அன்றிரவே ஆப்பை டெலிட் செய்தேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இன்று முழுக்க அலைந்ததுதான் மிச்சம். ஆப்பின் சாட்டில் ஒரு ரோபோ, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று நாலு தடவை சொன்னது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தடை செய்த 13 தந்திரங்களில் இந்தச் சந்தாப் பொறியும் ஒன்று என்று எழுதினேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்றது. கருத்தா சொன்னேன்? 1,499 ரூபாயைக் கேட்டேன்! வங்கிக்குப் போன் போட்டால், அரை மணி நேரம் பாட்டுக் கேட்கவைத்த பிறகு ஒருவர் வந்து, "சார், பின் போட்டது நீங்கதானே?" என்றார். பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தேடினால் அதுவும் வந்திருக்கிறது, லோன் விளம்பரங்களுக்கு நடுவே.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. ஆப்பை அழித்தால் ஆட்டோபே அழியாது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும், ட்ரையல் போட்ட அன்றைக்கே. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரை மறுபடி பின் கேட்காமலே எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. இப்போதுதான் புகார் கொடுத்தேன். 1,499 திரும்பி வந்தால் இங்கேயே சொல்கிறேன். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.