வெளியே மஞ்சள் பூச்சு, உள்ளே உப்புப் பூத்த சுவர்: பாண்டியில் ஒரு பழைய வீட்டு விடுதி

பாண்டியில் பழைய வீட்டு விடுதியில் தங்கப் போகிறவர்கள், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்குங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இந்த டிசம்பரில் கிடைத்த அறையில், கட்டில் தலைமாட்டுச் சுவர் இடுப்பு உயரம்வரை உப்பிப் போயிருந்தது. விரல் பட்டதும் பெயின்ட் தகடு தகடாகக் கையோடு வந்தது. பின்னால் வெள்ளை வெளேரென்று உப்பு. அலமாரியில் தொங்கிய பட்டுச் சேலையில் மூன்றாம் நாளே பூஞ்சை வாடை. சொன்னதும் அறையை மாற்றித் தந்தார்கள், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மாற்றித் தந்த அறையிலும் அதே சுவர்.

"கடற்காத்து சார், பாண்டில எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்றார் விடுதித் தம்பி. அதை ஒப்புக்கொள்ள முடியாது. அதே விடுதியின் பின்கட்டில், கிணற்றை ஒட்டி, யாரும் கைவைக்காத பழைய சுவர் ஒன்று நிற்கிறது. நிறம் மங்கி, மூலை உடைந்து கிடந்தாலும் தொட்டால் காய்ந்து இருக்கிறது. காற்று இரண்டுக்கும் ஒன்றுதானே.

பழைய வீட்டுச் சுவர் என்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், ஒன்றரை அடி கனத்துக்கு. அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தரையின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம், ஆகவே ஏறிய ஈரம் கீழ் இரண்டு அடிக்குள்ளேயே காற்றில் போய்விடும். விடுதியாக்கும்போது அந்தப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. கூடவே கரைந்து வரும் உப்பு பெயின்ட்டுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. போதாததற்கு ஏசி வேறு. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் புழுக்கக் காற்று, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. காற்றோட்டமில்லாத அலமாரியின் முதுகுப்பக்கம்தான் முதலில் கறுக்கும்.

போகிக்கு முன் வெள்ளையடிப்பு யாருக்கும் மறந்திருக்காது. தொட்டியில் சுண்ணாம்புக் கல் கொதித்து அடங்கியதும் துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து, நார் மட்டையால் இரண்டு கை. வருஷத்துக்கு ஒருமுறை நடந்த அந்த வேலை அழகுக்கு மட்டும் இல்லை. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிடிக்காது, சுவரின் துளைகளும் அடைபடாது. இன்று விடுதிகள் பல வருஷம் தாங்கும் என்று விற்கும் பெயின்ட்டை அடித்துவிட்டு, அந்த வருஷ வேலையையே நிறுத்திவிட்டன.

பிரான்சில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் வீட்டு முகப்பைத் தொடுவதென்றால், அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரின் சம்மதம் வேண்டும். அந்தக் கெடுபிடி எரிச்சல்தான். ஆனால் அங்கே பழைய கல் வீட்டில் சிமென்ட் பூசப் போனால் விவரமறிந்த மேஸ்திரியே தடுப்பார். பூச்சு வேலைக்கான சுண்ணாம்பு சாதாரண இரும்புக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்தெடுத்த கொத்தனார்களின் ஊரிலோ, "சுண்ணாம்பு வேலைக்கு ஆள் இல்ல சார்" என்ற பதில். வயிறு எரிகிறது.

பாண்டியில் முகப்புகள் நன்றாகத்தான் இருக்கின்றன. வைசியாள் வீதியின் திண்ணைகளையும் தாழ்வாரங்களையும் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டிகள் நின்றபின் நடப்பது இன்றும் அதே சுகம். ஆனால் அதே சாலையில் 2014 நவம்பர் மழையில் மேரி (Mairie) என்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததும் நடந்தது. திருப்பிக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

பாட்டி வீட்டை விடுதிக்குக் குத்தகை விட்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒப்பந்தத்தில் சுவர் வேலையையும் எழுதுங்கள். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடிவரை சிமென்டை உரித்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, உப்பை ஈரமாக்காமல் காய்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு சில மாதம் சும்மா காய விட வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள், சீசனுக்குள் அறையைத் திறக்க வேண்டுமே. பொங்கல் முடிந்ததும் உரித்தால் கோடை முழுக்கக் காயும். சுண்ணாம்பு குறைந்தது மூன்று வாரம் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கலந்தால் உப்பை நாமே உள்ளே வைத்த மாதிரி. ஒரு கோட் அரை அங்குலத்துக்கு மேல் போனால் வெடிக்கும். ஈரச்சாக்கு கட்டி ஒரு வாரம் வெயில் படாமல் காக்க வேண்டும். கடைசியில் பெயின்ட் கூடாது, வெள்ளையடிப்புதான்.

தங்கப் போகிறவர்கள் முற்றத்தைப் பார்த்த மாடி அறையாகக் கேளுங்கள், தரை ஈரம் அவ்வளவு உயரம் வராது. ஆனால் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரையாக இருந்தால் உத்திரங்கள் சுவரில் புகும் முனையைப் பாருங்கள். அங்கே பழுப்புக் கறை இருந்தால் மழைநீர் இறங்குகிறது, மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. கீழ் அறைதான் கிடைக்கும் என்றால், முழங்கால் உயரத்தில் சுவரைத் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் பூச்சு கழன்றுவிட்டது. அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் வையுங்கள். ஏசியை 26-க்குக் கீழே இறக்காமல் மின்விசிறியையும் ஓடவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை பட்டுச் சேலையை அலமாரியில் தொங்கவிடவே வேண்டாம்.