மட்டக்களப்பில் பென் டிரைவில் கிடைக்கும் மௌனப் பேய்ப்படங்கள்: வாங்கலாமா?

மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு படக்கடையில் ஆறு மௌனப் பேய்ப்படங்களைத் தமிழ் வரிகளோடு (சப்டைட்டில்) 1,500 ரூபாய்க்கு பென் டிரைவில் ஏற்றித் தருகிறார்கள். தெரிவு அருமை. முதலாவது, 1896 இல் பிரெஞ்சு இயக்குநர் மெலியஸ் எடுத்த மூன்று நிமிடப் படம். வௌவால் ஒன்று பறந்து வந்து சாத்தானாக மாறும். கமெராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டிய வேலை. அடுத்தது 1910 இல் எடிசன் கம்பனி எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. பொம்மையை எரித்துப் பிடித்த காட்சியைப் பின்னோக்கி ஓட்டியதால் கொப்பரைக்குள் எலும்பில் சதை தானாக ஏறுகிறது. இரண்டு கொப்பியும் சுத்தம்.

பெரிய பிழை 1922 இன் 'நொஸ்ஃபெராட்டு'வில். இயக்குநர் முர்னாவ் இரவுக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார். பிறகு பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றித்தான் இரவாக்கினார்கள். கடையில் இருப்பதோ சாயமில்லாத கறுப்பு வெள்ளை. வெயில் பட்டால் அழிகிற பிசாசு, தன் சவப்பெட்டியைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடக்கிறது! முடிவில் சேவல் கூவியதும் அது ஏன் கரைகிறது என்று புதிதாகப் பார்ப்பவருக்கு எப்படி விளங்கும்?

அதன் வேகமும் பிழை. செக்கனுக்கு 18 படச்சட்டம் ஓட வேண்டியதை 24 இல் ஓட்டியதால் 94 நிமிடப் படம் 70 நிமிடமாகிவிட்டது. ஆட்கள் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள். விஎல்சி (VLC) என்ற வீடியோ மென்பொருளில் வேகத்தை 0.75 ஆக்கினால் நடை சரிவரும், தமிழ் வரிகளும் கூடவே வரும். இசை மட்டும் இழுபடும், சத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

1920 இன் 'கலிகாரி' நல்ல கொப்பி. ஆனால் சுவரிலும் தரையிலும் நிழலையே தீட்டி, கதவு ஜன்னல்களைச் சரித்துக் கட்டிய அரங்கு அது. டிவி படத்தை அகட்டி இழுத்தால் அந்தச் சரிவு படுத்துவிடும். பட அளவை 4:3 இல் வையுங்கள். 1925 இன் 'ஃபாண்டம்' படத்தில் முகமூடி விருந்துக் காட்சி நிறத்திலேயே இருக்கிறது. கடையில் உள்ள 'ஹெக்ஸன்' கொப்பி 77 நிமிடம் என்று காட்டுகிறது: பழைய மௌனப்படத்தை 1968 இல் ஆங்கில விவரணம் சேர்த்துச் சுருக்கியது, இந்தக் கொப்பி மௌனப்படமே அல்ல.

காசு கொடுக்க முன் 'நொஸ்ஃபெராட்டு'வைப் போட்டு, தெருக் காட்சி நீலமா, நீளம் 90 நிமிடத்துக்கு மேலா என்று பாருங்கள். கேட்டால் சாயமுள்ள முழுக் கொப்பியை ஏற்றித் தருகிறார்கள். அது 4 ஜிபிக்கு மேல் என்றால் ஃபாட்32 (FAT32) முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ் ஏற்காது. எக்ஸ்ஃபாட் (exFAT) முறைக்கு மாற்றினால் சில பழைய டிவிகள் வாசிக்காது. அப்படியான டிவி உள்ளவர்கள் 4 ஜிபிக்குள் சுருக்கித் தரச் சொல்லுங்கள்.