மோதிய பிறகும் மிதக்குமா: நிர்ணய முறையா, நிகழ்தகவு முறையா?

பக்கம் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்த பிறகும் கப்பல் கவிழாமல் நிற்குமா என்று கணக்குப் போட இரண்டு வழிகள் உண்டு. நிர்ணய முறையில் ஓட்டை எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்பதை விதியே சொல்லிவிடும். அதைத் தாங்கினால் கப்பல் தேறியது. நிகழ்தகவு முறையில் ஓட்டை எங்கும் விழலாம். விழும் வாய்ப்பையும், விழுந்தால் பிழைக்கும் வாய்ப்பையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு குறியீடு வரும். சரக்குக் கப்பல் வடிவமைப்பில் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு நான் இரண்டாவதன் பக்கம் வந்துவிட்டேன்.

வேலைச் சுமை என்று பார்த்தால் பழையதுதான் லேசு. புதியதில் மூன்று டிராஃப்ட்களுக்கு (கப்பல் நீரில் அமிழும் ஆழங்களுக்கு) நூற்றுக்கணக்கான சேத நிலைகள். சரி, அதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

என்னை மாற்றியது ஒரே ஒரு கோடு. பழைய விதிகளில் பக்கச் சேதம் கப்பலின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குவரைதான் உள்ளே போகும். 25 மீட்டர் அகலம் என்றால் 5 மீட்டர். நீளவாட்டு பல்க்ஹெட்டை, அதாவது கப்பலுக்குள் அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரை, கப்பலின் பக்கத்திலிருந்து 5.1 மீட்டரில் வைத்தால் அது எந்த மோதலிலும் உடையாது என்று கணக்கு சொல்லும், 4.9 மீட்டரில் வைத்தால் அந்தச் சுவர் இல்லாததற்குச் சமம். மோதி வரும் கப்பல் அந்தக் கோட்டில் வந்து நிற்கப்போவதில்லை. இருந்தும் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் சுவரைக் கொண்டுபோய் அந்தக் கோட்டை ஒட்டியே வைப்போம்.

நிகழ்தகவு முறையில் சேதம் அகலத்தில் பாதிவரைகூடப் போகலாம். உள்ளே போகப் போக வாய்ப்பு குறையும். சுவரை ஒவ்வொரு அடியாக உள்ளே தள்ளிப் பார்த்தேன். முதலில் குறியீடு மெல்ல ஏறியது. அப்புறம் சுவருக்கு வெளிப்பக்கம் உள்ள பக்கவாட்டு அறை பெரிதாகி, தண்ணீர் ஒரு பக்கமாகவே சேர்ந்து, சாய்வு கூடி, குறியீடு இறங்க ஆரம்பித்தது. சுவர் நிற்க வேண்டிய இடத்தை விதிப் புத்தகம் சொல்லவில்லை, கப்பலே சொன்னது. பிழைக்கும் வாய்ப்பிலும் இதே படிப்படியான போக்கு உண்டு: நிமிர்த்தும் கரம் (சாய்ந்த கப்பலைத் திருப்பி நிமிர்த்தும் விசையின் நெம்புநீளம்) 0.12 மீட்டரும், அது வேலை செய்யும் சாய்வு வீச்சு 16 பாகையும் இருந்து, சாய்வும் அளவோடு இருந்தால் முழு மதிப்பெண். குறைந்தால் ஒரேயடியாகப் பூஜ்யமாகாமல் படிப்படியாகக் குறையும்.

இதிலும் கவனமாக இருக்க வேண்டிய இடம் உண்டு. 150 மீட்டர் சரக்குக் கப்பல் எட்ட வேண்டிய குறியீடு 1க்குச் சுமார் 0.58தான். மொத்தத்தில் தேறிய கப்பலிலும், ஒரே ஓர் அறை உடைந்தாலே கவிழும் இடம் ஒன்று ஒளிந்திருக்கலாம். ஆகவே உடைந்தால் பிழைக்கும் வாய்ப்பு பூஜ்யமாக வரும் ஒற்றை அறைகளைத் தனியே எடுத்துப் பார்க்காமல் நான் வரைபடத்தை அனுப்புவதில்லை. அந்தச் சோதனை பழைய முறையின் புத்திதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாகனத் தளம் உள்ள பயணிகள் கப்பல்களில் நான் வேலை செய்ததில்லை. 1994இல் எஸ்டோனியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கிய பிறகு, தளத்தில் தேங்கும் நீரைக் கணக்கில் எடுக்க ஐரோப்பாவில் தனி ஒப்பந்தமே வந்தது. அங்கே என் தீர்ப்பை அப்படியே பொருத்த வேண்டாம். எண்ணெய்க் கப்பல்களுக்கு மார்போல் (கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) விதிக்கும் சேதக் கணக்கு நிர்ணய முறையிலேயே இருக்கிறது. அங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை.

உலர் சரக்குக் கப்பல்களுக்கு நிகழ்தகவு முறை 1992இல் வந்தது, 2009இல் பயணிகள் கப்பல்களையும் ஒரே விதியில் சேர்த்தார்கள். ஆனால் இதெல்லாம் வரைபட மேசைக்கு. மோதல் நடந்து முடிந்த இரவில் கேப்டனுக்கு வாய்ப்புக் கணக்கு உதவாது. எந்தெந்த அறையில் தண்ணீர், இப்போது சாய்வு எத்தனை பாகை, அடுத்த அறையும் நிறைந்தால் என்ன ஆகும் என்ற அந்த ஒரே நிலையின் கணக்குதான் அவருக்கு வேண்டும்.