வண்டி கட்டையாக அடிக்கிறதா? ஷாக் அப்சார்பரை மாற்றச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

முந்தைய ஓனர் உயரத்தைக் குறைத்து வைத்த பழைய கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று மாதமும் ஒரு பெரிய தொகையும் எனக்குப் போய்விட்டது. உங்களுக்குப் போகக் கூடாது.

வாங்கும்போது நல்ல சாலையில் பத்து நிமிடம்தான் ஓட்டிப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. வேகத்தடை வரை போகவே வேண்டாம், சாலையில் ஒட்டுப்போட்ட இடம் வந்தாலே தொம்மென்று ஓர் அடி முதுகில் இறங்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்புத் தேய்மானம். பின் சீட்டில் உட்கார்ந்து, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டே வருவார். ஒருநாள் "நான் பஸ்லயே வந்துடறேன்ப்பா" என்றார். மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அங்கே யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை, ஜாக்கி போட்டுத் தூக்கவும் இல்லை. முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தவர், "நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு சார். மாத்திட்டா பஞ்சு மாதிரி போகும்" என்றார். நான் தலையாட்டிவிட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனால் வண்டி பெரும்பாலும் படகு மாதிரி ஆடும். ஒரு மூலையை அமுக்கி விட்டால் இரண்டு மூன்று தடவை எழும்பி இறங்கும். என் வண்டியோ அமுக்கினால் அசையவே இல்லை. கோளாறு ஸ்பிரிங் பக்கம் இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். கண்ணெதிரே இருந்த அந்த அடையாளத்தை விட்டுவிட்டு, விற்கத் தோதான பொருளைச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து வண்டி வந்தது. "கடினத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடல் போட்டிருக்கோம் சார், ஃபுல் டைட்ல வச்சிருக்கோம், கிரிப் நல்லாருக்கும்" என்றார்கள். அடிதட்டாமல் இருக்க ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் வேறு செருகியிருந்தார்கள். நான் கேட்காதது அது. வாசலைத் தாண்டியதுமே முன்னைவிட மோசம் என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "புதுசுல அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்." இரண்டாம் தடவை போனபோது, "டயர்ல காத்து கம்மியா இருக்கு, அதான் அடிக்குது" என்று சொல்லிக் காற்றை ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் தடவை போனபோது என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் நண்பர் ஒருவர் சொல்லி, தனியாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை ஓட்டினார். மேடு பள்ளத்தில் மெதுவாக ஒரு தடவை, கொஞ்சம் வேகமாக ஒரு தடவை. "தம்பி, சின்ன மேட்டுக்கே அடிக்குது பாருங்க, இது இறங்கி முட்டி நிக்குது" என்றார். பிறகு நான்கு சக்கரத்தையும் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் காட்டிய ஒவ்வொன்றுக்கும் எனக்கு வயிறு எரிந்தது.

முதலாவது, ஸ்பிரிங். முந்தைய ஓனர் போட்ட குட்டையான, கடினமான ஸ்பிரிங் நான்கும் அப்படியே இருந்தன. ஸ்பிரிங் கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே கடினம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வளையத்தை வெட்டினாலும் இதே கதிதான். எட்டு வளையம் வேலை செய்த இடத்தில் ஆறு மட்டும் செய்தால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். பஃபர் செருகினால் அந்த வளையங்கள் சரியாக அமுங்க முடியாது.

இரண்டாவது, பம்ப் ஸ்டாப். சக்கரம் மேலே ஏறி வரும்போது கடைசியில் தாங்குகிற ரப்பர் அது. வண்டி தாழ்ந்து நின்றதால் அதற்கும் அது போய் முட்டும் பாகத்துக்கும் இருந்த இடைவெளி விரல் கனம்கூட இல்லை. அது நசுங்கி வெடித்திருந்தது. முதுகில் இறங்கிய அடி அங்கிருந்துதான் வந்தது. அதோடு ஷாக் அப்சார்பரை முழு டைட்டில் வைத்ததால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் திரும்ப இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். இப்படி வண்டி படிப்படியாக அமுங்கி ரப்பர் மேலேயே உட்கார்ந்துவிடும். ஷாக் அப்சார்பரின் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை முழுக்க லூசாகத் திருப்பினாலும் ஸ்பிரிங்கின் கடினம் ஒரு துளிகூடக் குறையாது என்றும் சொன்னார்.

அடுத்து புஷ்கள், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகள். சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். அது வண்டியை இன்னும் விறைக்கவைக்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இதற்குச் செலவே கிடையாது, கவனம் மட்டும் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

காற்று 44 பிஎஸ்ஐ இருந்தது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 32 என்று போட்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நாம் பிடிக்க வேண்டிய அளவு அது இல்லை. ஓட்டுவதற்கு முன், டயர் சூடாகாதபோது ஸ்டிக்கர் அளவுக்குப் பிடியுங்கள். வண்டி கட்டையாக இருக்கிறது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

கடைசியாக அவர் பின் ஷாக் அப்சார்பரைத் துணியால் துடைத்தார். கறுப்பு பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் துரு. ரப்பர் புஷ் மேலேயும் பெயின்ட் அடித்திருந்தார்கள். நான்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு முன்னால் இரண்டு மட்டும்தான் புதிது போட்டிருக்கிறார்கள். பின்னால் பழையதற்கே சாயம் பூசிவிட்டார்கள். என் அம்மா உட்காரும் பக்கம் அது. பில்லை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். பில்லில் "சஸ்பென்ஷன் வேலை" என்று ஒரே வரி, ஒரே தொகை. எந்தப் பொருள், எத்தனை, எந்த நம்பர், எதுவும் இல்லை. கழற்றிய பழைய பொருளை நான் கேட்டு வாங்கவும் இல்லை. "நாங்க போட்டது இது இல்ல, வேற எங்கயோ மாத்தியிருக்கீங்க" என்றார்கள். கையில் ஆதாரம் இல்லாததால் திரும்பி வந்தேன்.

ஆகவே வேலைக்கு விடும் முன்பே சொல்லிவிடுங்கள்: பழைய பொருள் எல்லாம் என் டிக்கியில் வர வேண்டும், பில்லில் பார்ட் நம்பரோடு தனித்தனியாக எழுத வேண்டும். போடுவதற்கு முன் புதுப் பொருளைப் பெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளித்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பெரியவர் செய்தது இவ்வளவுதான். பஃபரை எடுத்துப் போட்டார். கம்பெனி உயரத்துக்கான ஸ்பிரிங் நான்கு, அந்த ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் சாதா ஷாக் அப்சார்பர் நான்கு, புது பம்ப் ஸ்டாப். புஷ் போல்ட்டுகளை லூசாக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து மறுபடி இறுக்கினார். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும் என்பதால் வீல் அலைன்மென்ட் பார்த்தார். முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதையும் மாற்ற வேண்டும்.

வளைவில் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது. இருக்கட்டும். போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். வழியில் திரும்பிப் பார்த்தேன், கைப்பிடியைப் பிடிக்காமல் தூங்கிக்கொண்டு வந்தார்.